ரையாடரிலிருந்து பால்

பகலில் ஊரார் வரிக்கணக்கு.
மாதத்தில் நான்கு இரவு மட்டும்
நெரிஸ் கூலி வாங்காத தூதுக்காரி.
பழைய ஹோண்டா, பின்னால் வெள்ளைப் பெட்டி,
பனிக்கட்டிக்கு நடுவே
ஆறு புட்டி தாய்ப்பால்.
கொடுத்தவள் பெயர் தாளில் இல்லை.
குடிக்கப் போகிறவனுக்கு
இன்னும் பெயரே வைக்கவில்லை.
எடை மட்டும் இருக்கிறது:
எண்ணூற்றுப் பத்து கிராம்.

கைப்பிடியில் பூட்டிய செல்போன்.
போன கோடையில் என்ஜின் நடுக்கம்
அதன் கேமராவைத் தின்றுவிட்டது.
அதன் பிறகு யாரைப் படமெடுத்தாலும்
தலையைச் சுற்றிப் புகை.
வழி சொல்ல மட்டும் வைத்திருக்கிறாள்.

ஹெல்மெட்டுக்குள், இடது காதில்
லண்டன்காரியின் குரல்:
"லாங்கூரிக் நோக்கிச் செல்லவும்."
லாங்கூரிக் இல்லையடி.
நாக்கை லகரத்துக்கு வை,
குரலை அணை,
கன்னத்தோரம் மூச்சை மட்டும் விடு.
(இதை எழுத என்னிடமும் எழுத்தில்லை.
ழகரம் பறிபோன ஊர்ப்பெயர்களை
ரயில் நிலையப் பலகைகளில்
ஆங்கிலத்தில் படித்து வளர்ந்தவன்,
கோபம் மட்டும் புரிகிறது.)

ஒன்று ஐம்பதுக்கு
நெடுஞ்சாலை சிவந்தது.
மரம் ஏற்றிய லாரி கவிழ்ந்திருக்கலாம்.
குரல் காரணம் சொல்வதில்லை.
"வேகமான வழி கிடைத்துள்ளது.
இருபத்திரண்டு நிமிடம் மிச்சம்."
மலைச்சாலை.
ஒரு கார் அகலம், ஓரச்சுவர் கிடையாது,
சூடு தேடித் தாரில் படுத்துறங்கும் ஆடுகள்.
இவற்றுக்கு வரைபடத்தில் நிறமில்லை.

ஓரங்கட்டித் தொட்டாள்.
கையுறையை அது மதிக்கவில்லை.
கழற்றுவதற்குள் மழை தொட்டது,
படம் பெருத்துப் பெருத்து
யாரோ ஒருவரின் கோழிக்கொட்டகையில் போய் நின்றது.
துடைத்தாள். மறுபடி தொட்டாள்.
சரி, மலை.

அணைகளைத் தாண்டியதும் சிக்னல் போனது.
"இன்னும் நானூறு..." என்றதோடு சரி.
நானூறு என்ன?
மீட்டரா, வருடமா?
வரைபடம் உதிர்ந்து
வெறும் சாம்பல் கட்டங்கள்.
அதில் நீலப் புள்ளி மட்டும்
ஊரில்லாத பூமியில் ஊர்ந்தது.
அவள் இருக்கிறாள்.
எங்கே என்பதற்குத்தான் சாட்சியில்லை.

சக்கரம் தடதடத்தது.
இரும்புக் கிராதி,
ஆடு தாண்டாதிருக்கச் சாலையில் பதித்தது.
ஒன்று, என்றாள்.
முன்பு இந்த வழியில் எண்ணியிருக்கிறாள்,
நாலா ஐந்தா என்பதுதான் நினைவில்லை.
இரண்டு.
அடுத்த வளைவில் முகப்பு விளக்குக்குள்
பன்னிரண்டு பச்சைக் கண்கள்.
பின்சக்கரம் ஒரு சாண் விலகி,
மனம் மாறித் திரும்பி வந்தது.
ஆடுகள் எழவில்லை.
ஒன்று மட்டும் அசைபோடுவதை நிறுத்தியது.
ஹாரன் பலிக்கவில்லை.
இறங்கிப் போய்
வெல்ஷ் மொழியில் வண்டை வண்டையாகத் திட்டினாள்.
உச்சரிப்பு சரியாக இருந்ததால்
உடனே விலகின.

மூன்று. நீண்ட நேரம் கழித்து, நாலு.
ஐந்தாவதற்குக் காத்திருந்தாள்.
அது வராமலே
கீழே தெருவிளக்குகள் வந்தன.
குரலும் வந்தது.
எங்கே போயிருந்தாய் என்றால்
பதில் இருக்காது.
எதுவும் நடக்காதது போல்
"நேராகச் செல்லவும்."

"உங்கள் இலக்கை அடைந்துவிட்டீர்கள்."
ஆஸ்பத்திரியின் முன்வாசல்,
இரவில் பூட்டியிருக்கும் கண்ணாடிக் கதவு.
அவள் நிற்கவில்லை.
குப்பைத் தொட்டிகளைச் சுற்றி,
சலவைக்கூடத்து நீராவியைக் கடந்து,
மணி வேலை செய்யாத பின்கதவை
முஷ்டியால் தட்டினாள்.

இலோய்லோவிலிருந்து வந்த ரொவேனா திறந்தாள்.
புட்டிகளை எண்ணி, உறைநிலை பார்த்து,
மூன்று பத்து என்று எழுதி
"மழையா?" என்று மட்டும் கேட்டாள்.
பெட்டியோடு ஓடினாள்,
பதிலுக்கு நிற்கவில்லை.

வெளியே ஹோண்டா டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது.
திரை கேட்டது:
இந்தப் பயணம் எப்படி இருந்தது?
கீழே ஐந்து வெற்று நட்சத்திரங்கள்.
கையுறையைக் கழற்றுவதா என்று
அவள் யோசிப்பதற்குள்
கூரை விளிம்பிலிருந்து ஒரு சொட்டு.
மூன்று நட்சத்திரம் எரிந்தன.

நியாயம்தான் என்று அணைத்தாள்.