சூரியனுக்குச் சாவி கிடையாது

கப்பலூர் டோல்கேட் தாண்டி,
லாரிக்கு பாடி கட்டும் ஷெட்டுகளுக்கு நடுவே
என் ஷெட்.
வெல்டிங் வெளிச்சம் பக்கத்திலிருந்து வரும்.
வாடகை என்னிடமிருந்து போகும்.

டிராக்டர் ஒன்று கயிறு கட்டி இழுத்து வந்தது அந்த வண்டியை:
படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் வைத்து
போன வருடம் நான் வயர் இழுத்துக் கொடுத்த டெம்போ டிராவலர்.
கூரையில் முந்நூறு வாட் பேனல்,
அதற்கு மேல் சாம்பல் நிற உறை,
உறைக்கு மேல் நாலு மாதத் தூசி.

பத்மலோசனி இறங்கினார். தனியாக.
வண்டி எடுக்க வந்த அன்று துளசிராம் சாரும் வந்திருந்தார்.
படிக்கிற விளக்கு யார் தலைமாட்டில் என்று சண்டை,
முதலில் மேகமலையா தனுஷ்கோடியா என்று சண்டை,
கடைசியில் எங்கள் எல்லோருக்கும் பருத்திப்பால்.

மீட்டரை வைத்தேன்.
மூன்று புள்ளி ஒன்று.
பன்னிரண்டு இருக்கவேண்டிய இடத்தில்.

"எல்லாத்தையும் அணைச்சிட்டுத்தானே நிறுத்துனேன்?"

அணைத்ததெல்லாம் அணைந்துதான் இருந்தது.
கேஸ் கசிகிறதா என்று மோந்துகொண்டே இருக்கும் பெட்டி,
மணியை மறக்க மனசில்லாத ரேடியோ,
இன்வெர்ட்டரின் ஓரத்துச் சிவப்புப் பொட்டு,
எல்லாம் சேர்த்து நாற்பது மில்லி ஆம்பியர்.
கொசு குடிக்கிற அளவு.
நாளைக்கு ஒன்று என்று குடித்தால் நூறு நாளில் நூறு.
உங்கள் பேட்டரியும் நூறுதான் மேடம்.

"அதான் மேல சோலார் இருக்கே?"

உறையைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.
எதற்கு மூடினீர்கள் என்று நான் கேட்கவில்லை.
அதெல்லாம் பில்லில் வராது.

"ஒரே சாவி போடுங்க.
திருப்புனா மொத்தமும் செத்துடணும்."

சாவி போடலாம். மொத்தமும் சாகாது.
சூரியனுக்குச் சாவி கிடையாது.
வெயிலில் கிடக்கும்வரை அது நாற்பது வோல்ட்டை இறக்கிக்கொண்டே இருக்கும்.
நடுவில் இருக்கிற கன்ட்ரோலர்
பேட்டரியின் முகத்தைப் பார்த்துத்தான்
எவ்வளவு கொடுப்பது என்று முடிவு செய்யும்.
பேட்டரியைப் பிடுங்கிவிட்டு வெயிலை விட்டுவைத்தால்
வாங்கியதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
அது தன்னையே எரித்துக்கொள்ளும்.
நான் ஒன்றை எரித்திருக்கிறேன்.
நாலாயிரத்து இருநூறு ரூபாய்,
மூன்று நாள் என் தலைமுடியில் அந்த நாற்றம்.

மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல்.
கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி.
அவர் மார்க்கர் வாங்கி
பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதிக்கொண்டார்.
கழற்றுவதை மட்டும்.

சிக்கந்தர் டவுன்ஹால் ரோட்டுக்குப் போய்
லக், சிவப்புச் சாவி, பேனலுக்கு ஒரு பிரேக்கர் எல்லாம் வாங்கி வருவதற்குள்
மணி பன்னிரண்டரை.
சித்திரை வெயில்; தகரத்தில் தோசை ஊற்றலாம்.
கழற்றிய உறையையே பேனல் மேல் திரும்பப் போட்டு
வேலையை ஆரம்பித்தோம்.
ஒவ்வொரு லக்கையும் நசுக்கியபின் இழுத்துப் பார்ப்பேன்.
என் எடைக்கு வராதது ரோட்டுக்கும் வராது.

விளக்கு, ஃபேன், ரேடியோ, மோந்து பார்க்கும் பெட்டி
சாவிக்கு அந்தப் பக்கம்.
கன்ட்ரோலர் மட்டும் இந்தப் பக்கம்,
புது பேட்டரியோடு நேராக,
நடுவில் ஒரே ஒரு ஃபியூஸ்.

உறையை எடுத்தோம். பிரேக்கரைத் தூக்கினேன்.
"திருப்பிப் பாருங்க."
திருப்பினார்.
ஃபேன் நின்றது. ரேடியோ மணியை மறந்தது.
மூலையில் ஒரு பச்சை மட்டும் கண் சிமிட்டியது.

"இது?"
"இது உங்க சாவில அடங்காது."
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு ஜிபே.

மதுரைக்குத் திரும்ப திருமங்கலம் போய்த்தான் வளையவேண்டும்.
வளைந்தாரா, நேரே போனாரா, தெரியாது.
உறையை விட்டுவிட்டுப் போனார்.
போன் செய்து சொன்னேன். "நீங்களே வச்சுக்கங்க."

இப்போது எந்த வண்டி வந்தாலும்
பேனல் மேல் முதலில் அதைத்தான் போடுகிறோம்,
முடிச்சுப் போட நாலு மூலையிலும் நாடா இருக்கிறது,
ஒரு மூலையில் நீல மையில் பி.டி. என்று இரண்டு எழுத்து.