பன்னிரண்டு திருகாணி

முதலில் நைலோன் வலை, ஒட்டுப்பட்டியோடு.
சுவரில் துளை போடக்கூடாது என்பது வீட்டுக்காரரின் சட்டம்.
கறுவா அதை இரண்டு இரவு முகர்ந்தது.
மூன்றாம் இரவு
வாழைப்பழத் தோலைப்போல
இடது மூலையில் இருந்து உரித்தது.
நான் எழும்பிப் போனபோது
தலை கொட்டாஞ்சேனையில்,
வால் என் வீட்டில்.

வாலைப் பிடித்தேன்.
இருவருமே மன்னிப்புக் கேட்கவில்லை.

பிறகு கண்ணாடி நார் வலை.
ஒவ்வொரு துளையாய் நகம் வைத்துப் பார்த்தது.
நான் கப்பல் கம்பனி ஒன்றில் கணக்குச் சரிபார்க்கிறவள்,
ஓட்டை எங்கே என்று தேடுவதற்குச் சம்பளம்.
அதற்கு அதுவும் இல்லை.
நாலாம் நாள் கண்டுபிடித்துவிட்டது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்
பழைய சோனகத் தெருவுக்குப் போனேன்.
கைவண்டிக்கும் லொறிக்கும் நடுவில்
இரும்புத் தூசு மூக்கில் ஏறுகிற தெரு.
"கோழிக்கா, நுளம்புக்கா?"
"பூனைக்கு."
முபாரிஸ் நானா நிமிர்ந்தார்.
"உள்ளுக்கு வராமலா?"
"வெளியே போகாமல்."
அளவுநாடாவை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.
துருப்பிடிக்காத உருக்கு வலையை விரித்துப்
பெருவிரலால் தட்டிக் காட்டினார்.
அடி எழுநூற்றைம்பது.

லலித் பாஸ் பன்னிரண்டு திருகாணி முறுக்கினார்.
வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை.
கட்டிலுக்கடியில் இருந்து கறுவா
ஒவ்வொன்றையும் எண்ணியிருக்கும்.
"அலியாவுக்கும் ஏலாது மிஸ்" என்று
தள்ளிக் காட்டிவிட்டுப் போனார்.

குளியலறைக் காற்றுத் துவாரத்தை
யாரும் யோசிக்கவில்லை.

ஞாயிறு, பூசை மணி அடித்து ஓய்ந்த நேரம்.
பிணைச்சல் காய்ந்த கதவு முனகுவது மாதிரி ஒரு சத்தம்.
யன்னலுக்கு அப்பால், ஒரு சாண் விளிம்பில்,
ஏசித் தண்ணீர் சொட்டி வழுக்குகிற சிமெந்தில்
கறுவா.
வலையில் முகம் அழுந்தி
மூக்கெல்லாம் சின்னச் சதுரம்.
திரும்ப இடமில்லை. பின்னால் நடக்கத் தெரியவில்லை.
முன்னால் நான்.
நடுவில், நான் காசு கொடுத்து வாங்கிய உருக்கு.

ஐந்து மாடிக்குக் கீழே
பாண்காரனின் ஓட்டோ அதே இசையோடு திரும்பிப் போகிறது.
மின்கம்பியில் இரண்டு காகம்,
வழக்குப் பார்க்க வந்தவை.

திருகாணி முடுக்கி பாஸிடம்.
வெண்ணெய்க் கத்தியால் ஒன்றைக் கழற்றினேன்.
இன்னும் பதினொன்று.
மேல்மாடி ரிஸ்மியா
பாதித் தலையில் மருதாணியோடு,
கோழி வெட்டுகிற கத்தரிக்கோலோடு ஓடி வந்தாள்.
"வெட்டு" என்றாள்.
"அடி எழுநூற்றைம்பது" என்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.

வெட்டினேன்.
லேசில் வெட்டுப்படவில்லை. நல்ல சாமான்தான்,
முபாரிஸ் நானா பொய் சொல்லவில்லை.
விரல் கிழிந்தது.
இஞ்ச வா, இஞ்ச வா என்று
எவருக்கும் இதுவரை எடுக்காத ஒரு குரலில்
சொல்லிக்கொண்டே மூன்று பக்கம் வெட்டி
நாலாவதைக் கடித உறையைப் போல மடித்தேன்.

அது உடனே வரவில்லை.
ஓட்டையை முகர்ந்தது.
தலையை மட்டும் திருப்பித் துறைமுகத்தைப் பார்த்தது.
அங்கே கிரேன் ஒன்று ஒரு பெட்டியைத் தூக்கி,
யோசித்து,
எடுத்த இடத்திலேயே வைத்தது.
பிறகு வந்தது,
வாடகை கட்டுகிறவளின் நடையில்
என் கையைத் தாண்டி, நேரே சாப்பாட்டுத் தட்டுக்கு.

அந்தச் சதுரத்தைத் தங்கூசியால் தைத்திருக்கிறேன்.
நாற்பத்தொரு தையல். அவசரத்துக்கு அவிழ்க்கலாம்.
குளியலறைத் துவாரத்துக்கு
ஒரு பழைய இடியப்பத் தட்டு, கம்பி போட்டுக் கட்டி.
தையல் சந்தில் நுளம்பு வருகிறது, வரட்டும்.

இரவில் கறுவா தையலுக்கு முன்னால் உட்கார்ந்து
ஒரு நகத்தால் ஒரு முடிச்சைத் தொடுகிறது.
இழுப்பதில்லை.
நான் கட்டிலில் இருந்து பார்க்கிறேன்.
கத்தரிக்கோலை ரிஸ்மியாவுக்கு
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.