அரை மணித்தியாலம்

செம்மலையில் மண்ணெண்ணெய் வரிசை
சங்கக் கட்டிடத்தை ஒரு சுற்றுச் சுற்றி
இரண்டு நாளாய் அசையவில்லை.
கான்களை மட்டும் நிற்க விட்டு
ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.
நாங்கள் எஞ்சினுக்குச் சாக்குப் போர்த்தோம்.
சவுக்குத் தடி நட்டோம்.
நீலத் தறப்பாளை வெட்டிப் பாய் தைத்தோம்.
யாரோ எங்களுக்கு ஒருகாலம் தந்த கூரை அது.
பாதி அழிந்த எழுத்து மூலையில் இன்னும் கிடக்கிறது.
காற்று நிறைந்தால் வாசிக்கலாம்,
தளர்ந்தால் மடிப்புக்குள் போய்விடும்.

கச்சான் கரையிலிருந்து வந்தது.
வற்றிய குளத்துச் சேறு, எரித்த பற்றை,
எங்கோ உள்ளே பழுத்த பாலை.
வன்னி முழுக்க எங்கள் மூக்கைக் கடந்து
கடலுக்குப் போனது.

நாயாற்றுப் பக்கம் தெற்கே பிடித்தோம்.
அலோசியஸ் அணியத்தில், நான் சுக்கானில்,
காற்று வலக்கன்னத்தில்.
கரை வெளிச்சம் தாழ்ந்த பிறகு
கண் திறந்தது.
திறந்தே இருந்த கண்தான்,
என்றாலும் திறந்தது.
முதலில் பாயின் விளிம்பு.
பிறகு ஆரோ விட்ட வலையின் மிதப்பு, கறுப்பில் கறுப்பாய்.
கடைசியில், தேளின் வாலில்
இருக்கிறதா இல்லையா என்றிருந்த அந்த வெள்ளி.
அரை மணித்தியாலம் எடுக்கும் இதற்கு.
காசு கொடுத்தும் கெதியாக்க முடியாது.
கெடுக்க ஒரு தீக்குச்சி காணும்.

அவன் மடியில் போன்.
மகளுக்குப் பின்னேரமே வலி தொடங்கிவிட்டது,
முல்லைத்தீவு ஆசுபத்திரியில்.
"பார்க்கட்டா?"
"பார். சாரத்துக்குள்ள தலையை விட்டு
ஒரு கண்ணால பார்.
மற்றதைப் பொத்திக் கடலுக்கு வை."
சாரம் ஒரு கணம் கூடாரமாய் ஒளிர்ந்து அணைந்தது.
"இன்னும் இல்லை."

எனக்கு அந்த வசதி இல்லை.
மற்றது மாத்தளனில்.
இருக்கிற ஒன்றைச் சில்லறையாய் மாற்ற இயலாது.

தாமானை விட்டுக்கொடு, இன்னும் கொஞ்சம்,
பாயின் முன்விளிம்பு முணுமுணுக்கும் வரை.
பிறகு ஒரு சாண் இழு.
வாய்மூடும்.
அவ்வளவுதான்.
அதற்கு மேல் ஆசைப்பட்டு இழுத்தால்
படகு சரியும், ஓடாது.

பதினொரு மணிபோல ரோந்துப் படகு.
வெளிச்சம் தண்ணீரில் நடந்து வந்து
எங்கள் மேல் ஏறியது.
நான் மூடினேன்.
இமைக்குள்ளும் வந்தது, சிவப்பாய்.
அலோசியஸ் எழுந்து
பாஸை நெற்றியோடு தூக்கிக் காட்டினான்.
பாயைப் பார்த்துச் சிங்களத்தில் ஒரு சிரிப்பு.
பிறகு ஒரு குரல், உடைந்த தமிழில்,
"எங்கட வீட்டிலயும் காஸ் இல்ல."
எஞ்சின் உறுமியது. போனார்கள்.
எண்ணெய் மணம் கொஞ்ச நேரம் நின்றது,
நாங்கள் இருவரும் அதை முகர்ந்தோம்.

இருட்டு திரும்பி வரவில்லை.
பச்சைத் திட்டு ஒன்று
நான் திரும்பிய பக்கமெல்லாம் மிதந்தது.
வெள்ளியும் இல்லை, விளிம்பும் இல்லை.
"எனக்கு ஒண்டும் தெரியேல்ல."
"எனக்கு ஒரு கண் கிடக்கு," என்றான்.
பாஸைத் தூக்கிய கைக்குப் பின்னால்
அதை ஒளித்து வைத்திருக்கிறான்!
"மிதப்பை நான் பார்க்கிறன். நீ ஓட்டு."

பிடரி குளிர்ந்தால் வெளிக்கடலுக்கு விலகுகிறோம்.
மூக்கு நுனி குளிர்ந்தால், அடுத்த மூச்சில்
பாய் முணுமுணுக்கும்.
காதுமடலில் காற்று நின்றால் சரி.
"இடது," என்றான். இடது.
"நேரே." நேரே.
இரண்டு பேரிலும் சேர்த்து
அந்த இரவுக்கு ஒரு கண்.

அப்போது போன் அதிர்ந்தது.
பலகையில் பட்டுப் படகெல்லாம் அதிர்ந்தது.
அவன் தொடவில்லை.
மூன்றாம் தரமும் அதிர்ந்தபோது
"கெட்ட கண்ணால பாரன்ரா," என்றேன்.

நெடுநேரம் சாரத்துக்குள் இருந்தான்.
வெளியே வந்த குரல் அவனுடையது போல இல்லை.
"பொம்பிளப் பிள்ளை.
இரண்டு கிலோ எண்ணூறு."

தலைக்கு மேல் தறப்பாள்
படபடவென்று அடிக்கத் தொடங்கியது.
தாமான் என் கையில் இல்லை.