ஜூன் மாதத்து வாய்ப்பாடு

நாலே முக்காலுக்கு ஓட வருகிறவர்கள் புத்திசாலிகள்.
நான் அன்று அலாரத்தை அணைத்துவிட்டுத்
திரும்பிப் படுத்தவன்.
ஆறு இருபதுக்கு நேரு பார்க் வாசல் போனால்
சூரியன் எனக்கு முன்பே வந்து
வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டிருந்தது.

ஜஸ்மீத் வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள்,
இரவு ஷிஃப்ட் முடிந்த கண்களோடு.
மெட்ரோவில் சிக்னல் பார்க்கிறவள்.
அவளுக்குச் சிவப்பு என்றால் சிவப்பு.
"இந்த நேரத்துக்கு மூணு சுற்று போதும், சபேஷ்."
ஐந்து, என்றேன்.
அக்டோபர் மாரத்தானுக்குப் பணம் கட்டியாயிற்று.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்.
சுற்று முடிகிற இடத்தில் அவள் கேட்பாள்:
சத்ரா சத்தே?
இந்தியில் பதினேழாம் வாய்ப்பாடு எனக்கு ஓடாது.
கணக்கும் கெட்ட வார்த்தையும்
தமிழில்தான் வாய்க்கு வரும்.
நூத்திப் பத்தொம்போது, என்பேன்.
அவளுக்குத் தமிழ் தெரியாது. அந்த ஓசை தெரியும்.
ஓசை சரியென்றால் ஓட்டம்.
பிசகினால் நிழல்.

முதல் சுற்று. கொட்டிக்கிடந்த சரக்கொன்றையை
மிதித்துக்கொண்டு ஓடினோம். நூத்திப் பத்தொம்போது.
இரண்டாவது. சட்டையில் உப்பு
ஊர் பேர் தெரியாத தேசங்களை வரைந்தது. நூத்திப் பத்தொம்போது.
தண்ணீர்த் தொட்டியோரம் ஈரமண்ணைப் பறித்து
வயிற்றைப் பதித்துக் கிடந்தன நாய்கள்.
அவற்றிடம் யாரும் மாரத்தான் பற்றிச் சொல்லவில்லை.

மூன்று முடிந்ததும், போதும், என்றாள்.
கேட்காத மாதிரி ஓடினேன்.
திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள்.

நாலாவதில்தான் அந்தச் சுகம்.
வேர்வை நின்றுவிட்டது.
அட, உடம்பு பழகிவிட்டதே!
கையில் மயிர் குத்திட்டு நின்றது,
யாரோ எங்கோ ஒரு குளிர்ந்த கதவைத் திறந்த மாதிரி.
ஜூன் மாதத் தில்லியில் குளிரெடுத்தால்
சந்தேகப்பட வேண்டாமா ஒரு மனிதன்?

சத்ரா சத்தே?
ஏதோ சொன்னேன்.
சத்ரா சத்தே, சபேஷ்?
மறுபடி சொன்னேன், நிறுத்தி,
கொஞ்சம் கோபமாகவே.

பிறகெல்லாம் துண்டு துண்டாகத்தான்.
காலரைப் பிடித்த ஒரு கை.
மரத்தடி. செருப்பில்லாத தோட்டக்காரர், அவருடைய குழாய்.
முதலில் வெந்நீர் வந்தது, அப்புறம்தான் தண்ணீர்.
வாசலில் சாக்குப் போர்த்திப் போன ஐஸ் வண்டியை
அவள் குறுக்கே நின்று மறித்தாளாம்.
அவன் கொக்கியால் கொத்திக் கொடுத்தான்.
கழுத்தில், கக்கத்தில், தொடையிடுக்கில்,
மரத்தூள் ஒட்டிய ஐஸ்.
வெட்கப்பட எனக்கு நினைவில்லை, அவளுக்கு நேரமில்லை.
ஆம்புலன்ஸ் வரும்வரை
நனைத்த துப்பட்டாவால் விசிறிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

சஃப்தர்ஜங்கில் இரண்டு நாள்.
"இன்னும் ஒரு கால் மணி போயிருந்தால்" என்று
ஆரம்பித்த இளம் டாக்டர்
வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனார்.
மறுபடி ஓட ஆறு வாரம் ஆனது, அதுவும் அவர் சரி என்ற பிறகு.
அக்டோபர் என்னை விட்டுவிட்டுப் போனது.

இது அடுத்த ஜூன்.
நாலே காலுக்கு வந்துவிடுகிறேன்.
இருட்டிலும் தார்ச்சாலை
நேற்றைய வெயிலை வட்டியோடு திருப்பித் தருகிறது.
இரண்டே சுற்று, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம்.
என் கைக்கடிகாரம் அவள் பையில்.
எலுமிச்சையும் உப்பும் கலந்த பாட்டில் வேப்பமரத்தடியில்.
தூக்கம் சரியில்லாத நாளில் ஓட்டம் இல்லை,
சண்டை போட்டுப் பார்த்தும் இல்லை.

நேற்று கேட்டேன்,
அன்றைக்கு என்னதான் சொன்னேன்?
பஞ்சாபி நாக்கால் சொல்லிக் காட்டினாள்:
"தாவா... பூத்து... யாருண்டே."
மூன்று முறை சொல்லச் சொன்னேன்.
தமிழ் மாதிரி இருக்கிறது. தமிழ் இல்லை.
ஒருவேளை அந்த மொழி
நாற்பத்தொரு டிகிரிக்கு மேல்தான் புரியுமோ என்னவோ.

அப்புறம் எப்படிக் கண்டுபிடித்தாய்?

ஷூ லேஸை இறுக்கிக்கொண்டே சொன்னாள்:
"பத்தம்போ வரலியே."