நாலு விரற்கடை

கல்முனையில் முபீஸ் காக்காவின் பேல் கடை.
பெனியன்களுக்கும் பாவாடைகளுக்கும் அடியில்
ஒரு மிருகம் போலப் படுத்திருந்தது
கறுப்புக் கம்பளிக் கோட்டு.
கழுத்தைச் சுற்றி மண்நிற மயிர்த்தோல்,
நரியோ முயலோ அவருக்கும் தெரியாது.
"இந்த வெக்கைக்குள்ள ஆரு வாங்கப்போறா,
மூவாயிரம் தாங்க."
இரண்டாயிரத்துக்கு எடுத்தேன்.
தம்பி புவிதரனுக்கு ருமேனியாவில் வேலை,
இறைச்சி வெட்டும் கொம்பனி.
ஐப்பசியில் பிளைற்.

களுவாஞ்சிக்குடி வந்து விரித்தால்
வீடு முழுக்க இன்னொரு வீட்டின் அலுமாரி மணம்.
பொக்கற்றுகளைப் புரட்டினேன்.
கதை என்றால் ஒரு கடிதம் இருந்திருக்கும்.
இருந்தது பூச்சி தின்ற தூள்,
தலையில்லாத நெருப்புக்குச்சி ஒன்று.

முதலில் கழுத்தைப் பிரித்தேன்,
பிளேட்டால், ஒவ்வொரு தையலாய்.
அடித்தோல் காகிதம் போலக் காய்ந்து
மூச்சு விட்டாலும் கிழிவேன் என்றது.
தண்ணீர் காட்டவே கூடாது.
உடுக்கில் மழை பட்டால் என்னவாகுமென்று
அம்மன் சடங்குக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

மில்லில் இரண்டு கொத்துத் தவிடு வாங்கி
சட்டியில் வறுத்து
கை பொறுக்கும் சூட்டில்
மயிருக்குள் தூவி, விரலால் அளைந்து, உதறி,
மறுகா தூவி, மறுகா உதறி.
முதல் தவிடு கறுத்து வந்தது.
இரண்டாவது சாம்பல்.
மூன்றாவதைக் கோழிக்குப் போடலாம் போலிருந்தது.
போடவில்லை.
பூனை வந்து மணந்து பார்த்தது.
வாலை மூன்று மடங்காக்கி
மதிலுக்கு மேலால் பாய்ந்தது.
இரண்டு நாள் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மறுகா கம்பளி.
பெரிய பேசினில் கிணற்றுத் தண்ணீர்,
குழந்தைப்பிள்ளை ஷாம்பூ ஒரு மூடி.
கசக்கக்கூடாது, முறுக்கக்கூடாது,
நனைந்தபடி தூக்கவும் கூடாது,
தன் பாரத்தாலேயே தன்னை இழுத்துக் கெடுக்கும்.
அமத்தி அமத்தி விட்டேன்,
காய்ச்சல்காரனின் கால் கழுவுவது போல.
தேத்தண்ணி நிறத்தில் இறங்கியது
யாரோ ஒருவரின் எத்தனையோ மாரிகாலம்.
ஆறு பேசின் மாற்றினேன்.

வலக்கை நுனியில் மட்டும் ஒரு எண்ணெய்க்கறை
போகமாட்டேன் என்றது.
பொழுதும் பட்டுவிட்டது.
கேத்திலில் கொதித்த தண்ணீர் ஒள்ளுப்பம்,
சவர்க்காரம் ஒள்ளுப்பம்,
பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தேன்.
கறை போனது.
சத்தம் ஏதும் வரவில்லை.

துவாய்க்குள் சுருட்டி, ஏறி மிதித்து,
பன்பாயில் நிழலில் விரித்தேன்.
கச்சான் காற்று மாமரத்தடியைச் சுற்றிச் சுற்றி வந்தது.
கால் பக்கம் நின்று பார்த்தால்
இரண்டு கையும் நேராக வைத்து
ஆளைக் கிடத்தியிருப்பது போல இருந்தது.
எனக்குப் பிடிக்கவில்லை.
குனிந்து ஒரு கையை மடித்து வைத்தேன்.
மற்றதை மடிக்கும்போதுதான் கண்டேன்:
கம்பளி தன் கையைத் தனக்குள்ளே
இழுத்துக்கொண்டிருந்தது.

இழுத்தேன், குண்டூசி குத்தினேன்,
ஈரத்துணி போட்டு அயன் பண்ணினேன்.
வரவில்லை.

ஃபேனை முழுதாகப் போட்டுவிட்டு
தம்பி போட்டுப் பார்த்தான்.
நெற்றியில் வேர்வை ஒழுகியது.
இடக்கை சரி.
வலக்கை நாலு விரற்கடை குறைவு.
"அங்க ஆரக்கா என்ட கையப் பாக்கப்போறா?"
கண்ணாடிக்கு முன்னால் இரண்டு தரம் கிறுகினான்.
கழுத்து மயிர் அவன் தாடையில் பட்டுக் கூசியிருக்க வேண்டும்,
சின்னப்பிள்ளை போலச் சிரித்தான்.

மார்கழியில் படம் வந்தது.
இங்கே கிணறு விளிம்புவரை நிறைந்து
எட்டிக் கோப்பையால் அள்ளும் நாட்கள்.
அங்கே கார்கள், மரங்கள், குப்பைத்தொட்டி,
எல்லாம் வெள்ளை.
கழுத்து மயிரில் பனித்தூள்.
'தோலுக்குத் தண்ணீர் காட்டாதே' என்று அடித்து
அழித்தேன்.
படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன்.
இடக்கையால் தன்னைத் தானே எடுத்திருக்கிறான்.
வலக்கை பொக்கற்றுக்குள்.

கை குளிருதா என்று கேட்டேன்.
கன நேரம் எழுதுவதாகக் காட்டியது.
மறுகா வந்தது:
எந்தக் கை?