தேறல்

லெத்பிரிட்ஜில் கர்லிங் கிளப்பின் மாடி அறை.
வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
கீழே பனித்தளத்தில் துடைப்பங்கள் உரச
ஒரு கல் வழுக்கிப் போய் இன்னொன்றை இடிக்கும் ஓசை
எங்கள் மேசைவரை வந்து
கோப்பைகளைத் தொட்டுவிட்டுப் போகிறது.

மூன்று பேர். பதினான்கு கோப்பைகள்.
பெயர் இல்லை, வயது இல்லை, விலை இல்லை;
அடியில் ஒட்டிய எண் மட்டும்.
துப்புவதற்கு ஆளுக்கொரு தகர வாளி.

முப்பது வருடம் நான் தானியம் தரம் பார்த்தவள்.
லாரி லாரியாக வந்த ரையைக் கையில் அள்ளி,
கடித்து, முகர்ந்து,
உறைபனி பட்டதா, பூஞ்சை பிடித்ததா என்று
ஒரே வரியில் சீட்டு எழுதியவள்.
விவசாயியின் முகத்தைப் பார்த்து எழுதக் கூடாது.
அந்த வேலையில் அது ஒன்றுதான் கடினம்.

ஐந்தாம் எண் துடுக்கு.
ஆறு, பாலில் தேன் விட்டாற்போல்.
ஏழைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, துப்பினோம்.

ஒன்பதில் ஓரெஸ்ட் நிமிர்ந்தான்.
கேய்த்தான் பேனாவை மூடி வைத்தாள்.
நிறம்: நான்கு மணிக்கே சாய்கிற ஜனவரி வெயில்,
அழுக்கு ஜன்னல் வழியாக.
மூக்கில் முதலில் வார்னிஷ்.
பிறகு தேவதாரு அலமாரி,
உலர்ந்த ஆரஞ்சுத் தோல்,
யாரோ அடுப்பில் மறந்துவிட்ட மேப்பிள் பாகு.
காத்திருந்தேன்,
பெரிய மனிதர் வீட்டு வாசலில் நிற்பதைப் போல.

நாக்கில் வைத்ததும் இனிப்பு,
ஒரு கணம், காசு விழுந்து ஒலிப்பதுபோல்.
அப்புறம் துவர்ப்பு.
ஈறு சுருங்க, கன்னம் உள்ளே இழுக்க
மரம் பேசுகிறது, மரம் பேசுகிறது,
மரமே பேசுகிறது.
ரை எங்கே?
ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன்.
மூலையிலிருந்து சன்னமாக
கிராம்பும் சீமைச் சோம்பும் மாதிரி ஏதோ இருமியது.
உடனே பலகை அதன் வாயைப் பொத்தியது.

முதிர்ந்தது வேறு. மூத்தது வேறு.
எண்பத்திரண்டு என்று எழுதினேன்.
தேறல்தான். தேறியது.
அதற்கு மேல் இல்லை.

உறை பிரித்தார்கள்.
நாற்பத்தொரு வருடம்.
புட்டி ஆயிரத்து எண்ணூறு டாலர்.
ஓரெஸ்ட் தன் தாளைத் திரும்பக் கேட்டான்,
ரப்பர் இருக்கிறதா என்றும் கேட்டான்.
எழுபத்தொன்பது போட்டிருந்தான், பாவம்,
காது மடல் சிவந்திருந்தது.
கேய்த்தான் சிரிக்கவில்லை;
தன் எண்ணை யாருக்கும் காட்டவுமில்லை.

ஆலைக்காரர் வந்திருந்தார், டெல்மர் ஃப்ரீசன்,
பனி ஒட்டிய பூட்ஸோடு, தொப்பியைக் கையில் பிடித்தபடி.
மதிப்பெண் கேட்கவில்லை.
"எப்போது எடுத்திருக்கணும்?" என்றார்.
"இருபத்தைந்தில். மிஞ்சினால் இருபத்தாறு."
விரல்விட்டு எண்ணினார்.
"அப்போது ஆலைக்குப் பூட்டு" என்றார்.
"சாவி வங்கியில். பன்னிரண்டு வருஷம்.
கிடங்கின் கோடியில் இந்தப் பீப்பாய் கிடப்பதே
எங்களுக்கு மறந்துபோச்சு."

ஆக, யாரும் காத்திருக்கவில்லை.
லேபிளில் பொறுமை என்று அச்சடிப்பார்கள்.
பூட்டு என்று போட்டால் விற்காது.
அதை அவரே சொல்லிச் சிரித்தார்;
பிறகு எப்படி நிறுத்துவதென்று தெரியாமல்
தொப்பியின் உட்புறத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

சீட்டை மாற்றவில்லை.

எல்லோரும் சூப் குடிக்க இறங்கிய பிறகு
ஒரு கை கோட்டுக்குள் நுழைந்திருக்க
மறு கையால், பழக்கதோஷம்,
காய்ந்துபோன ஒன்பதாம் கோப்பையை எடுத்து
மூக்கை நுழைத்தேன்.
அடியில்
ஆகஸ்ட் மாதத்து லாரி.
சூடேறிய தார்ப்பாய், தூசி,
உமி ஒட்டிய முழங்கை,
கடித்தால் பல்லில் மாவாகும் ரை.
மரம் எப்போதோ எழுந்து போயிருந்தது.

தாளில் காலிக் கோப்பைக்குக் கட்டம் கிடையாது.
மறுபடி முகர்ந்தேன்.
கீழே யாரோ பெருக்கு, பெருக்கு என்று கத்துகிறார்கள்.
கல் இன்னும்
போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.