உள்கால் அளவு

நெல்லியடிச் சந்தைக்குப் பின்னாலை என்ரை தையல் கடை.
அச்சுவேலியிலை இருந்து சைக்கிள்தான்,
நடுவிலை வல்லை வெளி.
சோளகம் காலமை முதுகிலை கை வைச்சுத் தள்ளிவிடும்.
பின்னேரம் அதே கை
நெஞ்சிலை.

பெற்றோல் இல்லாத அந்த ஆடியிலை
மோட்டச்சைக்கிள் சாக்குப் போர்த்துப் படுத்திட்டுது.
வீட்டிலை மிஞ்சினது ஒரு லுமாலா.
ஆக்கள் ரெண்டு.
நிமலேந்திரன் ஆறடிக்கு ஒரு விரல் குறைவு,
நான் அவற்றை தோளுக்கும் வரமாட்டன்.

சீற்றுக் கம்பியிலை ரெண்டு கோடு கீறினம்.
அவருக்குப் பேனையாலை நீலம்,
எனக்கு நகப்பூச்சிலை சிவப்பு.
பதினாலாம் நம்பர் சாவி
வாசல் ஆணியிலை, குடைக்குப் பக்கத்திலை.
அவர் இரவு வேலை முடிச்சு வந்து இறங்க
நான் நட்டை இளக்கி
சீற்றை முறுக்கி முறுக்கி இறக்கி
மூக்கு நேரை பாக்குதோ எண்டு ஒரு கண்ணை மூடிப் பாத்து
இறுக்கிப்போட்டு ஏறுவன்.

மூண்டாம் கிழமை ரெண்டு பேருக்கும் அலுப்பு.
"நடுவிலை விடுவம்" எண்டார். விட்டம்.
அவருக்கு முழங்கால் காண்டிலிலை இடிச்சுது.
எனக்குப் பெடல் கீழை போகேக்கை விரல் நுனிதான் எட்டிச்சுது,
இடுப்பு அங்காலை இஞ்சாலை சரிஞ்சுது.
நடு எண்டுறது
ரெண்டு பேருக்கும் நோகிற இடம்.
நாலாம் நாள் சாவி திரும்ப ஆணியாலை இறங்கிச்சுது.

ஆனா என்ரை சிவப்புக் கோட்டிலையும் ஒரு நோவு.
முழங்கால் சிரட்டைக்கு முன்னாலை,
வல்லைப் பாலத்தடியிலை தொடங்கும்.
வயசு எண்டன். சோளகம் எண்டன்.
செயினுக்கு எண்ணெய் விட்டன்.

ஒருநாள் கடையிலை
யூலியானா சல்வாருக்கு அளவு குடுக்க நிண்டா.
உள்கால் இருவத்தொன்பது எண்டு எழுதிப்போட்டு
நாடா கையிலை தொங்க, அப்பிடியே நிண்டிட்டன்.
ஊராற்றை அக்குள், கழுத்து, இடுப்பு
கால் இஞ்சி பிசகாமல் எனக்குத் தெரியும்.
என்ரை காலை நான் அளந்ததே இல்லை.

அந்தச் சிவப்புக் கோடு எங்காலை வந்தது?
சீற்றிலை இருந்தபடி ரெண்டு பாதமும்
முழுசா நிலத்திலை பதியிற உயரம் அது.
பயத்துக்கு எடுத்த அளவு.

கடையைப் பூட்டிப்போட்டு
சுவரிலை ஒரு கை ஊண்டி ஏறி இருந்தன்.
குதியைப் பெடலிலை வைச்சு அடிமட்டும் இறக்க
முழங்கால் இன்னும் மடிஞ்சு கிடந்தது,
மினிபஸ்ஸிலை முன்சீற்று இடிக்க இருக்கிற ஆள் மாதிரி.

அரை இஞ்சி உயர்த்தினன்.
பிறகும் அரை.
பிறகொரு கால்.
குதியிலை கால் நேராச்சுது.
முன்பாதத்தை வைக்க, முழங்காலிலை சின்ன மடிப்பு மிஞ்சிச்சுது,
பேந்து பிரிச்சு விட எண்டு
உள்ளுக்கை நாங்கள் விடுற துணியளவு.
காண்டிலையும் ஒரு விரல் ஏத்தினன்.
காதடியிலை நிண்ட தோள் ரெண்டும்
தங்கடை இடத்துக்குப் போச்சுதுகள்.

வல்லையிலை காத்து அதே காத்துத்தான்.
எனக்காக ஒருத்தரும் குறைக்கேல்லை.
ஆனா உழக்கினது துடை, முழங்கால் இல்லை.
பாலம் வந்தது. பாலம் போனது.
நோவைக் காணேல்லை எண்டு
ஒருக்கால் திரும்பியும் பாத்தன்.

சந்தியிலை ஒரு லான்ட்மாஸ்டர் குறுக்கை வர
பிறேக்கைப் பிடிச்சுக் காலை ஊண்டினன்.
நிலம் இல்லை.
பெருவிரல் மட்டும் எட்டித் தொட்டுது.
இனி நிக்கிறதெண்டால்
சீற்றை விட்டு இறங்கத்தான் வேணும்.
இறங்கினன். அவ்வளவுதான்.

"உம்மடை கோடு பிழைச்சுப் போச்சே"
எண்டார் நிமலேந்திரன், சாவியோடை குனிஞ்சபடி.
நடந்ததைச் சொன்னன்.
அவர் சீற்றைத் தன்ரை நீலத்துக்கு ஏத்தி
மதிலிலை கை ஊண்டி ஏறி இருந்து
குதியைப் பெடலிலை வைச்சுப் பாத்தார்.
கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை.
பிறகு இறங்கி
நாடாவைத் தரச் சொன்னார்.